ஆடித் தள்ளுபடி: கழித்தது எதிலிருந்து?

ஆடி பிறந்துவிட்டால் திண்டுக்கல் கடைவீதிக்குத் தனிக் களை வந்துவிடுகிறது. ஜவுளிக் கடை வாசல்களில் பந்தல் போடுகிறார்கள். ஒலிபெருக்கி காலையிலேயே முழங்கத் தொடங்குகிறது. "50 சதவீதம் தள்ளுபடி", "70 சதவீதம் வரை", "ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்" என்று ஆள் உயர எழுத்துக்கள் கண்ணைப் பறிக்கின்றன. வேடசந்தூரிலிருந்தும், நத்தத்திலிருந்தும், வடமதுரையிலிருந்தும், ஒட்டன்சத்திரத்திலிருந்தும் வரும் பஸ்களில் இறங்குகிற கூட்டம் நேரே அங்கேதான் போகிறது. மாலையில் ஊர் திரும்பும்போது பை நிறைந்திருக்கிறது. மடி காலியாக இருக்கிறது.

இவர்கள் லாபத்தோடு திரும்புகிறார்களா, நஷ்டத்தோடு திரும்புகிறார்களா? கேட்டால், "பாதி விலைக்கு வாங்கி வந்தோம்" என்று சந்தோஷமாகச் சொல்வார்கள். ஆனால் அந்தக் கேள்விக்குச் சரியான பதில் அவர்களுக்குத் தெரியாது. தெரிய வழியும் இல்லை. கணக்குப் போடத் தேவையான ஓர் எண் அவர்களிடம் கிடையாது. அது கடைக்காரரிடம் மட்டுமே இருக்கிறது. இன்று பாதி விலைக்குக் கொடுக்கப்படும் அதே சேலை, ஆனி மாதத்தில் என்ன விலைக்கு விற்றது என்பதே அந்த எண்.

அது தெரியாத வரையில், ஐம்பது சதவீதம் என்றாலும் எழுபது சதவீதம் என்றாலும் ஒன்றுதான். ஆனியில் 800 ரூபாய்க்கு விற்ற சேலையில் 1,500 என்று சீட்டு ஒட்டி, அதில் நாற்பது சதவீதம் தள்ளினால் 900 ரூபாய். வாங்குகிறவர் 600 ரூபாய் மிச்சம் என்று நினைத்துக்கொண்டு, 100 ரூபாய் அதிகமாகக் கொடுத்துவிட்டுப் போகிறார். கழிக்கும் தொகையைச் சிவப்பு எழுத்தில் போடுகிறார்கள். எதிலிருந்து கழித்தது என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை.

எல்லாக் கடைகளும் இப்படிச் செய்கின்றன என்று சொல்வது அநியாயம். ஆடித் தள்ளுபடிக்கு நியாயமான காரணம் உண்டு. ஆடியில் கல்யாணம் இல்லை, கிரகப்பிரவேசம் இல்லை, புதிதாக மணமான பெண்ணைக்கூடத் தாய் வீட்டுக்கு அழைத்துவந்து வைத்துக்கொள்கிற மாதம் அது. முகூர்த்தம் இல்லாவிட்டால் பட்டு நகராது. அந்த நாட்களில் ஜவுளி வியாபாரிக்கு ஆடி என்றால் ஈ ஓட்டும் மாதம். அடுத்து இரண்டு மூன்று மாதங்களில் தீபாவளி வந்துவிடும். புதுச் சரக்கு இறக்க இடமும் வேண்டும், ரொக்கமும் வேண்டும். போன தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போகாமல் தங்கிவிட்ட சரக்கை அலமாரியில் அடுக்கிவைத்தால், பாங்கு வட்டிதான் ஏறும், நிறம் மங்கும், மோஸ்தரும் மாறிப்போகும். அதை அசலுக்குக் குறைத்தாவது தள்ளிவிடுவது புத்திசாலித்தனம். வியாபாரிக்கு அது நஷ்டத்தைக் குறைக்கும் வழி. வாங்குகிறவருக்கு உண்மையான லாபம். இப்படித் தங்கிப்போன சரக்கு எல்லா அளவிலும் எல்லா நிறத்திலும் அடுக்கடுக்காக இருக்காது. ஒரு நிறத்தில் இரண்டு, ஓர் அளவில் மூன்று என்று சிதறிக் கிடக்கும். மேஜைமேல் குவிந்து கிடக்கும் அந்த உதிரிச் சரக்கில் பொறுமையாகத் தேடுகிற பெண்மணிக்கு மெய்யாகவே நல்ல சேலை கிடைப்பதுண்டு.

சந்தேகப்பட வேண்டியது அந்தக் குவியலை அல்ல. புத்தம் புதுக் கட்டாக, எல்லா நிறத்திலும், எல்லா அளவிலும், நூற்றுக்கணக்கில் அடுக்கியிருக்கும் "தள்ளுபடி" சரக்கைத்தான் சந்தேகப்பட வேண்டும். தங்கிப்போன சரக்கு இவ்வளவு ஒழுங்காக எப்படி இருக்கும்? ஆடிக்காகவே சொல்லி வரவழைக்கப்பட்ட சரக்கு அது. அது ஒருநாளும் முழு விலைக்கு விற்கப்படவில்லை; விற்கும் உத்தேசமும் இருந்ததில்லை. பிறக்கும்போதே தள்ளுபடியோடு பிறந்த சரக்கு. மலிவான சரக்கை மலிவு என்று சொல்லி விற்றால் அதில் குற்றம் ஏதுமில்லை. மலிவுச் சரக்கை உயர்ந்த சரக்கின் விலை குறைந்ததாகச் சொல்லி விற்பதுதான் தவறு.

குடியானவனின் ஆடி

வியாபாரிக்கு மந்தமான இந்த மாதம், குடியானவனுக்கு மூச்சுவிட நேரமில்லாத மாதம். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று சும்மா சொல்லவில்லை. திண்டுக்கல் சமவெளியில் பெரும்பகுதி மானாவாரி. குடகனாறும் சந்தனவர்த்தினியும் வருஷத்தில் பல மாதங்கள் வெறும் மணலாகவே கிடப்பவை. ஆடியில் ஒரு மழை இறங்கினால், அந்த ஈரம் காய்வதற்குள் உழுது விதைத்தாக வேண்டும். டிராக்டர் வாடகை, நிலக்கடலை விதை, சோள விதை, உரம், ஆள் கூலி எல்லாம் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். போன வெள்ளாமைக் காசு எப்போதோ தீர்ந்திருக்கும். ஆகவே வீட்டுக்காரியின் தோடும் வளையலும் அடகுக்குப் போகின்றன. கூட்டுறவு வங்கியில் வைத்தால் வட்டி குறைவு. அங்கே முடியாதவர்கள் "மூன்று வட்டி"க்கு வாங்குகிறார்கள். நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய்.

அந்தப் பணத்தோடு விதை வாங்க டவுனுக்கு வரும் குடும்பம்தான் பந்தலைப் பார்க்கிறது. தீபாவளிக்கு எப்படியும் வாங்கத்தானே வேண்டும், இப்போதே பாதி விலையில் வாங்கிவிடலாமே என்று தோன்றுகிறது. யோசனை தவறானதல்ல. ஆனால் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். சீட்டில் 6,250 ரூபாய் போட்ட துணிமணிகளை இருபது சதவீதத் தள்ளுபடியில் 5,000 ரூபாய்க்கு வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். மிச்சம் 1,250. அந்த 5,000 மூன்று வட்டிப் பணமாக இருந்து, தை மாதம் வெள்ளாமை விற்றுத்தான் அடைக்க முடியும் என்றால் ஆறு மாத வட்டி 900 ரூபாய். மிச்சமானது 350. அதுவும் 6,250 என்பது மெய்யான விலையாக இருந்தால்! அது உயர்த்தி எழுதிய விலையாக இருந்தால், தள்ளுபடியும் இல்லை, மிச்சமும் இல்லை. வட்டி மட்டும் மிச்சம். விதைக்கு வைத்திருந்த பணம் குறைந்ததால் ஓர் ஏக்கர் விதைக்க வேண்டிய இடத்தில் முக்கால் ஏக்கர் விதைத்தால், அந்தக் கால் ஏக்கர் நஷ்டத்தை எந்தக் கடைக்காரரும் சீட்டில் எழுதுவதில்லை.

வேடசந்தூர்ப் பக்கத்து நூல் மில்களில் வேலை செய்யும் பெண்களுக்கு இந்தத் தொல்லை வேறு உருவத்தில் வருகிறது. அவர்களுக்கு மாதச் சம்பளம் உண்டு. ஆகவே தவணையில் வாங்கச் சொல்லி ஆசை காட்டுகிறார்கள். தள்ளுபடி விலை வேறு, தவணை முடியும்போது மொத்தமாகக் கட்டிய தொகை வேறு. இரண்டாவதைத்தான் விலை என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

தெரிந்த விலையும் தெரியாத விலையும்

இதில் விசித்திரம் என்னவென்றால், இந்த வட்டாரத்து ஜனங்கள் விலை விஷயத்தில் ஏமாளிகள் அல்லர். திண்டுக்கல் வெங்காயப் பேட்டையில் சின்ன வெங்காயம் இன்று என்ன போகிறது என்று கேட்டால், டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கூடச் சொல்லிவிடுவார். ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் முருங்கைக்காய் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடினால் அன்று மாலைக்குள் ஊர் முழுவதும் தெரிந்துவிடும். நிலக்கோட்டை மல்லிகை விலை முகூர்த்த நாளில் எவ்வளவு ஏறும், மறுநாள் எவ்வளவு இறங்கும் என்பது பூக்கட்டும் பாட்டிக்கு மனப்பாடம். கீரைக் கட்டுக்கு ஐந்து ரூபாய் பேரம் பேசுகிற அதே அம்மாள், ஜவுளிக் கடையில் 2,000 ரூபாயைப் பேச்சில்லாமல் எண்ணிக் கொடுக்கிறார். காரணம் எளியது. வெங்காயத்தின் நேற்றைய விலை அவருக்குத் தெரியும். சேலையின் நேற்றைய விலை தெரியாது. வெங்காயம் தினம் வாங்குகிறார். சேலை வருஷத்துக்கு இரண்டு முறை. வெங்காயம் எங்கே பார்த்தாலும் வெங்காயம்தான். சேலையிலோ ஒவ்வொரு கடையும் ஒரு பெயர் வைத்து, ஒரு சீட்டு ஒட்டி, மற்றக் கடையோடு ஒப்பிட முடியாதபடி செய்துவிடுகிறது.

விலை தெரியாதபோது சரக்கைத் தெரிந்துகொள்வதுதான் வழி. இந்த விஷயத்தில் திண்டுக்கல்லுக்கு ஈடான ஊர்கள் குறைவு. மதுரை ரோட்டில் சிறிது தூரம் போனால் சின்னாளபட்டி. டவுனுக்குள்ளேயே நாகல் நகர். இங்கெல்லாம் தறியோடும் சாயத்தோடும் வளர்ந்த பெரியவர்கள் விலைச்சீட்டைப் பார்ப்பதே இல்லை. சேலையை விரித்து முழம் போடுகிறார்கள். முழுச் சேலை என்றால் 12 முழம். இன்றைய அளவில் ஏறக்குறைய ஐந்தரை மீட்டர். தள்ளுபடிச் சரக்கில் முதலில் குறைவது இந்த நீளம்தான். பதினொன்றரை முழத்தில் முடிந்துவிட்டால் கொசுவத்தில் தெரியும்; அகலம் இரண்டு விரற்கடை குறைந்தால் கணுக்காலில் தெரியும். பிறகு துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கிறார்கள். இழை நெருக்கமாக இருக்கிறதா, சல்லடைபோல் இருக்கிறதா என்பது அப்போது தெரிந்துவிடும். கஞ்சி அதிகமாகப் போட்ட துணி கடையில் விறைப்பாக இருக்கும். முதல் சலவைக்குப் பிறகு வாழைச் சருகுபோல் துவண்டுவிடும். ஓரத்தைக் கசக்கினால் வெள்ளைப் பொடி உதிர்வது கஞ்சியின் அடையாளம்.

சுங்குடியில் இன்னொரு வேடிக்கை உண்டு. நூலால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய சுங்குடி வேறு. அதே புள்ளிகளை அச்சுக் குத்திய சேலை வேறு. இரண்டும் ஒரே மேஜையில் ஒரே பெயரில் கிடக்கும். முடிச்சுப் போட்டதில் புள்ளிகள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. விரலால் தடவினால் முடிச்சு இருந்த இடம் சற்றே சுருங்கித் தட்டுப்படும். சாயமும் மறுபக்கம் வரை இறங்கியிருக்கும். அச்சுச் சேலையில் புள்ளிகள் சிப்பாய்கள் நிற்பதுபோல் ஒரே அளவில் நிற்கும், பின்பக்கம் வெளிறியிருக்கும். அச்சுச் சேலை கட்டுவதில் குறை ஒன்றும் இல்லை. அதைக் கைமுடிச்சுச் சேலையின் பாதி விலை என்று சொல்லிக் கொடுக்கும்போது, அங்கே பாதியாகக் குறைந்தது விலை அல்ல, வேலை.

சட்டைக்கும் இப்படித்தான். நத்தம் பகுதியில் சட்டை தைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். அந்தப் பெண்களிடம் ஒரு சட்டையைக் கொடுத்தால் உள்பக்கத்தைத் திருப்பித்தான் பார்ப்பார்கள். ஓரம் அடித்திருக்கிறதா, தையல் நெருக்கமா, பிரித்து விடுவதற்குத் துணி விட்டிருக்கிறதா, காலர் பட்டை எத்தகையது என்பதைப் பார்த்துக் கூலியையும் துணியையும் சேர்த்து ஒரு விலை சொல்லிவிடுவார்கள். கம்பெனிப் பெயர் ஒட்டியிருக்கும் முன்பக்கம் அவர்களுக்குக் கண்ணிலேயே படாது.

திண்டுக்கல் பூட்டின் கதையையும் இங்கே நினைக்கத்தான் வேண்டும். கையால் ராவிச் செய்த பூட்டின் விலையை, இயந்திரத்தில் வார்த்த பூட்டின் விலையோடு பக்கத்தில் வைத்துப் பார்த்து ஜனங்கள் மலிவானதை வாங்கிக்கொண்டே போனார்கள். தாத்தா காலத்துப் பூட்டு இன்றும் பல வீட்டு நெற்களஞ்சியத்தில் தொங்குகிறது. மலிவுப் பூட்டு மூன்று மழைக்குத் துருப்பிடிக்கிறது. 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குள் பட்டறைகள் பல மூடிவிட்டன.

சதவீதக் கணக்கில் மயங்குகிறவர்களும் அநேகர். "50 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம்" என்றால் எழுபது என்று மனம் கூட்டிவிடுகிறது. 1,000 ரூபாயில் பாதி போனால் 500. அந்த 500-இல்தான் இருபது சதவீதம் போகும். கொடுக்க வேண்டியது 400, தள்ளுபடி அறுபதுதான். "இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" என்றால் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. அதுவும் மூன்றும் தேவைப்பட்டால். "70 சதவீதம் வரை" என்பதில் எழுபது பெரிதாகவும் "வரை" எறும்பு அளவிலும் இருக்கும். அந்த எறும்புதான் யானையை விழுங்குகிறது.

நகைக் கடையில் இந்தக் கண்கட்டு இன்னும் நுட்பமானது. தங்கத்தின் விலை அன்றன்று எல்லாக் கடையிலும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆகவே தள்ளுபடி முழுவதும் சேதாரத்தில்தான். 80,000 ரூபாய்த் தங்கத்துக்கு 18 சதவீதம் சேதாரம் போட்டு, "சேதாரத்தில் 25 சதவீதம் தள்ளுபடி" என்று ஒரு கடை விளம்பரம் செய்கிறது. கழித்தது போக 13.5 சதவீதம், அதாவது 10,800 ரூபாய். பக்கத்துக் கடையில் விளம்பரமே இல்லை, சேதாரம் 10 சதவீதம், 8,000 ரூபாய். கூட்டம் எந்தக் கடையில் நிற்கிறது என்று சொல்லத் தேவையில்லை. கல்லும் பாசியும் நீக்கிய எடைக்கு, வரி உள்பட, கிராமுக்கு மொத்தம் என்ன ஆகிறது என்று இரண்டு கடையிலும் கேட்டுவிட்டால் இந்தக் கண்கட்டு கலைந்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

விலையைத் துணியிலேயே போடும் வழக்கம் புதிதல்ல. இரண்டாம் உலகப் போரில் துணிப் பஞ்சம் வந்தபோது, 1943-இல் பிறந்த துணிக் கட்டுப்பாட்டு உத்தரவின்படி மில் துணியில் உச்ச விலை முத்திரை குத்தப்பட்டது. அந்த விலையை சர்க்கார் நிர்ணயித்தது. இன்று பொட்டலப் பொருள்களில் காணும் "அதிகபட்ச சில்லறை விலை" அப்படிப்பட்டதல்ல. 2009-ஆம் ஆண்டுச் சட்டமும் 2011-ஆம் ஆண்டு விதிகளும் அந்த விலைக்கு மேல் விற்கக்கூடாது என்கின்றன. அந்த விலை எவ்வளவு இருக்கலாம் என்று அவை சொல்லவில்லை. தயாரிப்பவர் தம் விருப்பம்போல் அச்சிடலாம். கடையே தன் பெயரில் தைத்து வாங்கும் சரக்கானால், விலையை ஏற்றுகிற கையும் தள்ளுபடி கொடுக்கிற கையும் ஒன்றாகிவிடுகிறது.

சட்டம் அடியோடு கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது என்றும் சொல்வதற்கில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ஒரு பொருள் வழக்கமாக விற்கும் விலையைப் பற்றி ஜனங்களுக்குத் தவறான எண்ணம் உண்டாக்குவதை முறையற்ற வணிகம் என்கிறது. மலிவு விலை என்று விளம்பரம் செய்துவிட்டு, நியாயமான காலத்துக்கு நியாயமான அளவு சரக்கு வைத்திராமல் ஏய்ப்பதும் அப்படியே. பொய் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் தடவை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். கைப்பேசிக் கடைகளின் "இன்னும் இரண்டே உள்ளன", "பத்து நிமிஷத்தில் விலை ஏறிவிடும்" என்கிற பொய் அவசரங்களையும் 2023 நவம்பரில் வந்த வழிகாட்டு நெறிகள் தடுக்கின்றன.

எழுத்தில் எல்லாம் சரி. ஆனால் வழக்கமாக விற்கும் விலை எது என்று யார் காட்டுவது? வேடசந்தூர்க் குடியானவர் ஆனி மாதத்து பில் புத்தகத்தை எங்கே போய்த் தேடுவார்? குற்றம் சாட்ட வேண்டியவரிடம் சாட்சி இல்லை. சாட்சியோ குற்றம் சாட்டப்படுபவரின் கல்லாப்பெட்டியில் இருக்கிறது.

ஐரோப்பிய நாடுகள் இந்த முடிச்சை அவிழ்த்த விதம் மிக எளியது. 2022 மே 28 முதல் அங்கே ஒரு விதி அமலில் இருக்கிறது. விலை குறைப்பு என்று அறிவிக்கும் கடை, அதற்கு முந்திய 30 நாட்களில் அந்தப் பொருளை எந்தக் குறைந்த விலைக்கு விற்றதோ அதையும் கூடவே காட்ட வேண்டும். ஜெர்மனியில் ஒரு பெரிய கடை வாழைப்பழத்துக்கும் அன்னாசிக்கும் தள்ளுபடி போட்டு, அந்தப் பழைய விலையைப் பேருக்குச் சிறு எழுத்தில் எழுதி, சதவீதத்தை வேறு விலையிலிருந்து கணக்கிட்டது. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போயிற்று. சதவீதமும் அந்த 30 நாள் குறைந்த விலையிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும் என்று 2024 செப்டம்பரில் தீர்ப்பாயிற்று. வாழைப்பழத்துக்கு இவ்வளவு பெரிய நீதிமன்றமா என்று சிரிக்கலாம். வாழைப்பழத்தில் அனுமதித்தால் மற்ற எல்லாவற்றிலும் அனுமதிக்க வேண்டியதுதான்.

அந்த விதியை இங்கும் கொண்டுவர வேண்டும். இன்று பெரிய ஜவுளிக் கடைகளில் கையால் பில் போடுவார் இல்லை. ஒவ்வொரு சேலையிலும் கோட்டுச் சீட்டு. ஒவ்வொரு விற்பனையும் கம்ப்யூட்டரில் பதிவு. முப்பது நாள் பழைய விலையை எடுத்துச் சீட்டில் அச்சடிக்க அவர்களுக்கு ஒரு நாள் வேலை. ரோட்டோரத்தில் போர்வை விற்பவரையும், சந்தையில் பனியன் விற்பவரையும் இதில் இழுக்க வேண்டாம். பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் பக்கம் பக்கமாகச் சதவீதம் விளம்பரம் செய்கிற கடைகளுக்கு மட்டும் விதி இருந்தால் போதும்.

வியாபாரிகளே இதை வரவேற்கத்தான் வேண்டும். ஆண்டு முழுவதும் நியாய விலைக்கு விற்று, ஆடியில் தள்ளுவதற்கு ஒன்றும் இல்லாத கடை இன்று வெறிச்சோடிக் கிடக்கிறது. அமெரிக்காவில் ஜே.சி. பென்னி என்ற பழம்பெரும் கடைக் கம்பெனிக்கு நேர்ந்தது இது. 2012-இல் அதன் புதிய தலைவர், "ஏற்றி எழுதிக் குறைக்கும் வேலை இனி வேண்டாம், எல்லா நாளும் ஒரே நேர் விலை" என்ற கொள்கையைக் கொண்டுவந்தார். ஜனங்கள் பாராட்டியிருக்க வேண்டும். அவர்களோ வேறு கடைக்குப் போய்விட்டார்கள். ஒரே வருஷத்தில் விற்பனை கால் பங்கு சரிந்தது. 2013 ஏப்ரலில் அந்தத் தலைவர் பதவி இழந்தார். தள்ளுபடிச் சீட்டுகள் திரும்பி வந்தன. நேர்மையாக விலை போடுகிற ஒரு கடையைத் தனியாக நிற்கவிட்டால் அது விழுந்துவிடும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. எல்லாக் கடைக்கும் ஒரே விதி இருந்தால்தான் அது நிற்கும்.

கழிவு என்றாலே ஏமாற்று என்ற எண்ணமும் கூடாது. கைத்தறிக்குக் கொடுக்கும் கழிவு வேறு இனம். 1953-இல் பாராளுமன்றம் மில் துணிமீது ஒரு சிறு கூடுதல் வரி போட்டு, அந்தப் பணத்தைக் கதருக்கும் கைத்தறிக்கும் ஒதுக்கியது. கைத்தறி வாங்குகிறவருக்குக் கிடைத்த கழிவை யார் கொடுத்தார்கள் என்பது அப்போது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் தீபாவளிக்கு 30 சதவீதம் சிறப்புத் தள்ளுபடி கொடுப்பது இன்றும் நடக்கிறது. தேங்கிய சேலை விற்றால்தான் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் அடுத்த பாவுக்கு நூல் கொடுக்க முடியும். தனியார் கடைத் தள்ளுபடியைப் பார்த்தும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம்: குறைந்த பணத்தை யார் தாங்குகிறார்கள்? கடைக்காரரா, தறிக்காரரா, தைத்தவரா? அல்லது யாருமே தாங்கவில்லையா? யாருமே தாங்கவில்லை என்றால் பணம் குறையவே இல்லை.

விதி வரும்வரை குடும்பங்கள் செய்துகொள்ளக்கூடிய காரியம் ஒன்று உண்டு. பால் கணக்கு, மளிகைக் கணக்கு எழுதும் நோட்டில் ஒரு பக்கத்தைத் துணிக்கு ஒதுக்கலாம். வைகாசியிலோ ஆனியிலோ டவுனுக்கு வரும்போது, வாங்கப்போவதாக நினைத்திருக்கும் இரண்டு மூன்று சாமான்களின் விலையை விசாரித்துக் குறித்துக்கொள்ளலாம். கைப்பேசியில் சீட்டைப் படம் பிடித்துக்கொண்டாலும் சரி. ஆடியில் அதே கடைக்கு அந்தப் பக்கத்தோடு போகிறவரிடம், கடைக்காரரிடம் மட்டும் இருந்த அந்த எண்ணும் இருக்கும். பட்டியலில் இல்லாத சாமானை எவ்வளவு தள்ளினாலும் வாங்குவதில்லை என்று கணவனும் மனைவியும் புறப்படும் முன்பே பேசிக்கொள்வது நல்லது. பந்தலுக்கு அடியில் நின்று பேசினால் ஒலிபெருக்கிதான் ஜெயிக்கும்.

பில்லை மறக்கக் கூடாது. "தள்ளுபடிச் சரக்குக்கு பில் கிடையாது" என்று சொல்வது செல்லாது. பில் கொடுக்காததும் அந்தச் சட்டத்தின்படி முறையற்ற வணிகமே. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற பலகை எல்லாக் கடையிலும் தொங்குகிறது. கிழிசலோ சாயக் குறையோ உள்ள பொருளுக்கு அந்தப் பலகை பொருந்தாது. பில்லில் காலக்கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள் கொண்டுபோய்க் கேட்கலாம். எல்லா வரியும் உள்பட என்று அச்சிட்ட விலையில் கழித்துவிட்டு, கழித்தது போக மீதிக்குத் தனியாக வரி சேர்ப்பதும் தவறு என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2017 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. கடைக்காரர் கேட்காவிட்டால், திண்டுக்கல்லிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் மனுக் கொடுக்கலாம். அவ்வளவு தூரம் போக மனமில்லாதவர்கள் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் தமிழிலேயே புகார் எழுதிக்கொள்கிறார்கள்.